செக்கர் அண்ணாச்சியின் இருபத்தோரு மாவிலைகள்

சந்தேகப்படுகிறவர்கள் உலகத்தில் ஆயிரம் பேர் இருக்கலாம். ஒரு மாவிலை வாடியதற்காக ஒரு காம்பவுண்டையே நிற்க வைத்து விசாரணை நடத்தியவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். அவருடைய பெயர் இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒருமுறை கேட்டேன். "எதுக்குக் கேக்குறீக?" என்றார். அதோடு விட்டுவிட்டேன்.

முப்பது வருஷம் ஒரு தனியார் பஸ் கம்பெனியில் டிக்கெட் செக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் நடுவில் எந்தக் கருவேல மரத்துக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்து கையைக் காட்டுவார் என்று கண்டக்டர்களுக்கே தெரியாதாம். பாளையம்பட்டியில் எங்கள் காம்பவுண்டில் மூன்று வீடுகள். முதல் வீடு அவருடையது. நடுவில் நானும் என் மனைவி சித்ராவும். கடைசி வீட்டில் இட்லி மாவு அரைத்து விற்கும் பாண்டியம்மாள் அக்கா. மூன்று பேருக்கும் அவர் செக்கர் அண்ணாச்சி.

நான் வேலைக்காகத் தினமும் திருச்சுழிக்கு பஸ்ஸில் போகிறவன். ஒருநாள் அண்ணாச்சி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் கையை நீட்டினார்.

"தம்பி, டிக்கெட்டு."

"அண்ணாச்சி, நீங்கதான் ரிட்டயர் ஆயிட்டீகல்ல?"

"நான்தான ரிட்டயர் ஆனேன். டிக்கெட்டு ரிட்டயர் ஆகலையே."

எடுத்துக் காட்டினேன். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, சட்டைப்பையிலிருந்த நீலப் பேனாவால் பின்பக்கம் ஒரு கையெழுத்துப் போட்டுத்தான் திருப்பிக் கொடுத்தார். ஒரு கொக்கி, அதன் குறுக்கே ஒரு கோடு, அடியில் புள்ளி. அந்தக் கையெழுத்தை நான் ஞாபகம் வைத்திருந்தது பிற்பாடு உதவியது. முழுசாக உதவவில்லை என்பதையும் பிற்பாடுதான் சொல்ல வேண்டும்.

அவருடைய ஒரே மகள் செல்வி வளைகுடாப் பக்கம் நர்ஸாக இருந்தாள். மூன்று வருஷமாக ஊருக்கு வரவில்லை. அந்த வருஷம் பொங்கலுக்கு வருவதாக இருந்தது, கடைசி நேரத்தில் லீவு கிடைக்கவில்லை. தை இருபத்திமூன்றாம் தேதிதான் வர முடியும் என்று ஆகிவிட்டது. போனில் அவள் சிரித்துக்கொண்டே ஒரு வார்த்தை சொன்னாள்.

"நான் வார வரைக்கும் பொங்கலை அப்பிடியே வச்சிருங்கப்பா."

பிள்ளைகள் சும்மா சொல்லுகிற வார்த்தைதான். மற்ற அப்பாக்களாக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். செக்கர் அண்ணாச்சி அதைக் கம்பெனி உத்தரவாக எடுத்துக்கொண்டார். பொங்கல் தோரணத்தை இருபத்திமூன்று நாள் வாடாமல் வைத்திருப்பது என்று முடிவு செய்தார். எங்கள் ஊர்க் காற்றில் காலையில் காயப்போட்ட ஜமுக்காளம் காப்பி குடித்து முடிப்பதற்குள் காய்ந்துவிடும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படிக்கவும்.

போகியன்று அருப்புக்கோட்டைக்கு அவரோடு நானும் மாவிலை வாங்கப் போனேன். இலை விற்ற அம்மாள் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஆரம்பித்தார்.

"என்னைக்குப் பறிச்சது?"

"காலைலதாண்ணே."

"எந்த ஊருக் காலைல?"

அந்த அம்மாள் என்னைப் பார்த்தாள். நான் பஸ் வருகிறதா என்று பார்த்தேன். கொழுந்து இலை பார்க்க அழகாக இருக்கும், மதியத்துக்குள் தொங்கிவிடும் என்று ஒதுக்கிவிட்டு, கரும்பச்சையாகத் தடித்த முற்றல் இலைகளாகத் தேர்ந்தெடுத்தார். ஒவ்வொன்றையும் வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்து இருபத்தோரு இலை எடுக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. வீட்டுக்கு வந்து காம்பு நுனியை பிளேடால் சரிவாக நறுக்கி, வாளித் தண்ணீரில் முழுக அமுக்கி, மேலே ஒரு தட்டும் தட்டின்மேல் அம்மிக் குழவியும் வைத்து ஒரு பொழுது ஊறவைத்தார். பிறகு துடைத்து, ஒவ்வொரு காம்பிலும் ஈரப்பஞ்சு சுற்றி நூலால் கட்டினார். பஞ்சு யோசனை போனில் செல்வி சொன்னது. கட்டி முடித்தபோது வாசலில் இருபத்தோரு இலையும் கையில் கட்டுப் போட்ட நோயாளிகள் மாதிரி வரிசையாகத் தொங்கின.

அவர் வீட்டு வாசல் மேற்குப் பார்த்தது. அதனால் வெயில் இறங்கும் பக்கம் ஒரு சாக்கை நனைத்துத் தொங்கவிட்டார். மூன்று வேளையும் சலூன் கடையில் தலைக்கு அடிக்கிற குப்பியால் இலைகளுக்குத் தண்ணீர் அடித்தார். அதிலும் போர் தண்ணீர் ஆகாது, உப்பு படிந்து இலை வெள்ளை பூத்துவிடும். நல்ல தண்ணீர்தான் வேண்டும்.

"குடிக்கிற தண்ணிக்குக் கேனைத் தூக்கிக்கிட்டு அலையுறோம்" என்று அண்ணாச்சியின் மனைவி, எங்களுக்கு மதினி, சித்ராவிடம் அழாக்குறையாகச் சொன்னார். "இவுக அந்த எலைகளுக்கு மூணு வேளை குளியல் போடுறாக. நான் குளிச்சு ரெண்டு நாளாச்சு."

வாசலில் சாத்திய கரும்பை மூன்றாம் நாளே யாரோ ஒரு கணு கடித்திருந்தார்கள். அண்ணாச்சி பாண்டியம்மாள் அக்கா முதல் பால்காரர் வரை எல்லோரையும் சந்தேகப்பட்டார். அது நான்தான் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். அப்போது அவரோடு சேர்ந்து நானும் ஆளைத் தேடினேன்.

ஐந்தாம் நாள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் ஒரு யோசனை சொன்னேன். "அண்ணாச்சி, இவ்வளவு பாடு எதுக்கு? செல்வி வாரதுக்கு முந்தின நாள் புது இலை கட்டிட்டாப் போச்சு."

பழைய டிக்கெட்டோடு பிடிபட்டவனைப் பார்ப்பதுபோல என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"தேதி போன டிக்கெட்டை வச்சு ஏய்க்கப் பாத்தவனுக எத்தனை பேரை நடுக்காட்டுல இறக்கி விட்டிருக்கேன் தெரியுமா? பொங்கலன்னைக்குக் கட்டுனாத்தான் தம்பி பொங்கல் தோரணம். மத்ததெல்லாம் வெறும் இலை."

அன்று சாயங்காலமே ஸ்டூல் போட்டு ஏறி, இருபத்தோரு இலைக்கும் பின்பக்கம் நம்பர் எழுதி, நம்பருக்குக் கீழே கையெழுத்தும் போட்டுவிட்டார். யாரை மனதில் வைத்துச் செய்தார் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஒரு காலை தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தபோது, நான் கேட்காமலே ஒன்று சொன்னார். இலையைப் பார்த்தபடியே சொன்னார்.

"செல்வி போன அன்னைக்கு ஏர்போட்டுல அதோட டிக்கெட்டை வாங்கி நாலு தடவை பாத்தேன் தம்பி. பேரு சரியா இருக்கா, தேதி சரியா இருக்கா, ஏஜெண்டு ஏமாத்திருப்பானோன்னு. பாத்து முடிச்சு நிமிந்தா பிள்ளை உள்ள போயிருச்சு. மூஞ்சியப் பாத்து ஒரு வார்த்தை சொல்லல."

குப்பியை வாங்கி நானும் நாலு இலைக்கு அடித்தேன். அன்றிலிருந்து அந்தத் தோரணம் வாடக்கூடாது என்று எனக்கும் தோன்ற ஆரம்பித்துவிட்டது.

பத்து நாள் இலைகள் பச்சையாகவே நின்றன. அதற்கே தெருவில் ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். பதினோராம் நாள் மூன்றாம் நம்பர் இலை ஓரம் சுருண்டது. விசாரணை தொடங்கியது. முதல் குற்றவாளி, பஸ் ஸ்டாப் வரை நான் ஓட்டிப்போகும் என் பைக். அதன் புகை. அதைத் தெருமுனை வரை தள்ளிக்கொண்டு போய்த்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும் என்று தீர்ப்பு. இரண்டாவது, பாண்டியம்மாள் அக்கா கோயிலுக்கென்று வாங்கி வாசல் ஆணியில் மாட்டியிருந்த வாழைத்தார்.

"ஏத்தா பாண்டி, பழம் பக்கத்துல இருந்தா இலை சீக்கிரம் பழுத்துரும். பிள்ளை போன்ல சொல்லிருக்கு. உள்ள எடு."

"உள்ள இடமில்லண்ணே, கிரைண்டரு கெடக்கு."

"அப்பச் சாப்பிட்டு முடி."

அந்தத் தாரை மூன்று வீடும் சேர்ந்து இரண்டே நாளில் சாப்பிட்டு முடித்தோம். சாமிக்கு ஒரு சீப்புதான் போனது. பிறகு வேறொரு யோசனையோடு வந்தார். அக்கா அடுப்பை வாசலில் வைத்து இட்லி அவித்தால் ஆவி இலைக்கு ஆகுமே என்றார். நாலு எட்டு நடந்ததும் திரும்பி வந்து, ஆவி சூடு, வேண்டாம் என்றார். "மனுசனுக்கு அவிக்கட்டுமா, அதுவும் கூடாதா?" என்று அக்கா கேட்டதற்குக் கொஞ்சம் யோசித்துத்தான் அனுமதி கொடுத்தார்.

தை மாசத்துக் காற்றை மட்டும் அவரால் நிறுத்தி விசாரிக்க முடியவில்லை. பதினாறாம் நாள் பாதி இலைகள் பழுப்பு. பத்தொன்பதாம் நாள் ஏழாம் நம்பர் மட்டும்தான் பச்சை. தினமும் செல்விக்கு வீடியோவில் தோரணத்தைக் காட்டுவார். இப்போது போனை ஏழாம் நம்பருக்கு மிக அருகில் வைத்து, அதை மட்டும் காட்டினார். ஆயுசு முழுக்க ஏமாற்றுக்காரர்களைப் பிடித்த மனிதர் அதைச் செய்தார்.

இருபத்திரண்டாம் நாள் ஏழாம் நம்பரும் சுருண்டது. அன்று அவர் யாரையும் எதுவும் கேட்கவில்லை. என் பைக் வாசலிலேயே உறுமியது, ஏனென்று கேட்கவில்லை. சந்தேகப்படாத செக்கர் அண்ணாச்சியைப் பார்க்க எங்களுக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் காலை மதுரை ஏர்போர்ட்டுக்குக் கார் கிளம்பியது. ஏறும் முன் தோரணத்தை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தார். மதினி எங்கள் வாசலுக்கு வந்து, "ராவு சோறு திங்கல, காலைலயும் காப்பி குடிக்கல. என்னத்தச் சொல்ல" என்று கிசுகிசுத்துவிட்டுப் போய் ஏறினார்.

கார் தெருமுனை திரும்பியது. பாண்டியம்மாள் அக்கா என்னைப் பார்த்தார்.

"தம்பி, பைக்கை எடுங்க."

அண்ணாச்சி வையட்டும், என்னை நடுக்காட்டில் இறக்கிவிடட்டும் என்று எடுத்தேன். பொங்கல் முடிந்து மூன்று வாரம் ஆன பிறகு கடையில் மாவிலை ஏது? திருச்சுழி ரோட்டில் ஒரு தோட்டத்தில், பம்ப்செட் பக்கத்தில், ஒரே ஒரு மாமரம் நிற்பதைப் பஸ்ஸிலிருந்து பார்த்திருந்தேன். தோட்டக்காரர் பெரிய மீசையோடு வரப்பில் நின்றார்.

"இப்ப எதுக்கு மாவிலை? எந்த விசேசமும் இல்லையே. என்ன வெவகாரம்?"

எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணைச் சுருக்கினார்.

"செக்கருன்னா யாரு, ஒல்லியா, கண்ணாடி போட்டு? நீலப் பேனா வச்சிருப்பாகளே?"

"அவுகதான்."

"நான் எட்டாப்பு படிக்கையில பதினோரு வயசுன்னு சொல்லி அரை டிக்கெட்டுல போனேன். மீசை அரும்பியிருக்குன்னு பஸ்ஸ நிப்பாட்டி இறக்கி விட்டாக. நாலு மைலு நடந்தேன்."

இலை போச்சு என்று நினைத்தேன். அவர் மீசையைத் தடவிக்கொண்டார். "முத்தலாப் பாத்துப் பறிச்சுக்கங்க. மக வருதுல்ல" என்றார்.

இருபத்தோரு இலை. பழைய இலைகள் காய்ந்து சுருண்டு எழுத்தே தெரியாததால், பஸ் டிக்கெட்டில் பார்த்த ஞாபகத்தில் நான் நம்பரும் கையெழுத்தும் போட்டேன். சித்ரா காம்பில் பஞ்சு சுற்றினாள். இலை ரொம்பப் புதுசாக மின்னுகிறது என்று பாண்டியம்மாள் அக்கா மாவுக் கையால் இலேசாகத் தடவி மினுமினுப்பைக் குறைத்தார். காய்ந்த தோரணத்தை என் வீட்டு அலமாரியில் ஒளித்தோம். ஸ்டூலை உள்ளே கொண்டுபோவதற்கும் கார் வருவதற்கும் சரியாக இருந்தது.

செல்வி இறங்கினாள். வாசலைப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"அப்பா, நெசமாவே எல்லாத்தையும் பச்சையா வச்சிருக்கீகளா?"

அவர் நிமிர்ந்தார். முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை. கிட்டே போய்க் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு முதல் இலையைத் திருப்பிப் பார்த்தார். அடுத்ததைத் திருப்பினார். ஏழாவதில் வெகுநேரம் நின்றார். பிறகு மெதுவாக எங்கள் பக்கம் திரும்பினார். முப்பது வருஷமாக டிக்கெட் இல்லாத எத்தனையோ பேர் அவர் முன்னால் எப்படி நின்றிருப்பார்கள் என்று அன்று தெரிந்துகொண்டேன். பாண்டியம்மாள் அக்கா மாவுக் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

அண்ணாச்சி இலையை விட்டுவிட்டு மகள் முகத்தைப் பார்த்தார். நன்றாக, அவசரமில்லாமல் பார்த்தார்.

"இளைச்சுப் போயிட்டியே தாயி" என்றார். "வா, வெயிலு. உள்ள வா."

அவள் அவர் தோளில் முகத்தை வைத்து அழுதாள். அவரும் அழுதார். மதினி பொங்கப்பானையை அன்றைக்கு மறுபடியும் அடுப்பில் ஏற்றினார்.

சாயங்காலம் ஒரு தூக்குவாளியில் சர்க்கரைப் பொங்கலோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். கொடுத்துவிட்டுத் திரும்பியவர் வாசற்படியில் நின்றார்.

"தம்பி, என் கையெழுத்துல கோட்டுக்கு அடியில புள்ளி ரெண்டு வரும். இருபத்தொண்ணுலயும் நீங்க ஒண்ணுதான் வச்சிருக்கீக."

நான் தலையைக் குனிந்தேன்.

"அந்தக் கரும்பையும் நீங்கதான கடிச்சது?"

ஆமாம் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார். சர்வீஸிலும் சரி, ரிட்டயர் ஆன பிறகும் சரி, டிக்கெட் இல்லாமல் வந்த இருபத்தோரு பேரைத் தெரிந்தே அவர் ஏற்றிக்கொண்டு போனது அன்றைக்கு மட்டும்தான் இருக்கும்.

நாங்கள் வேறு ஊருக்கு மாறிவந்து நாலு பொங்கல் ஆகிவிட்டது. மாவிலை கட்டும்போதெல்லாம் ஏழாவது இலையின் பின்பக்கம் நீலப் பேனாவால் ஒரு கொக்கி, ஒரு கோடு, மறக்காமல் இரண்டு புள்ளி வைக்கிறேன். இங்கே யாரும் அதைத் திருப்பிப் பார்ப்பதில்லை. பார்க்கப் பக்கத்து வீட்டில் அவர் இல்லையே என்றுதான் இருக்கிறது.