எக்ஸ்எல் மெஷின்

"சைஸ் கேக்குதுங்க. ஸ்மால், மீடியம், லார்ஜ், எக்ஸ்எல்... எது போடட்டுங்க?" என்றாள் அனுசுயா, கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"எக்ஸ்எல்லே போடு கண்ணு. துவைச்சா ஒரு சைஸ் சுருங்கும்" என்றார் முதலாளி மகுடேஸ்வரன்.

பனியன் கம்பெனிக்காரர் வேறென்ன சொல்வார்? ஆர்டர் விவரமெல்லாம் இனி இன்டர்நெட்டில் ஒரு மெஷின் வாடகைக்குப் பிடித்து அதில்தான் ஓட வேண்டும் என்று பனியன் வாங்கும் வெளிநாட்டு பையர் கறாராகச் சொல்லிவிட்டார். காலையிலிருந்து அதே போராட்டம்.

கட்டிங் மாஸ்டர் சீனிச்சாமி கதவோரம் வந்து நின்றார். அருப்புக்கோட்டைக்காரர். கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து கூட இருப்பவர்; சொன்ன சொல்லுக்கு மறுபேச்சு கிடையாது.

"புது மெஷின் வருதாம்லங்கய்யா? எந்த மூலையில எறக்க?"

"அது பாம்பேல இருக்குதுங்கண்ணா. இருங்க, சாவி ஒரு தடவைதான் குடுப்பானாம்..." பேச்சுவாக்கில் அனுசுயா எதையோ அமுக்கினாள். மெஷினைத் திறக்கிற சாவி ஃபைல் கம்ப்யூட்டரில் இறங்காமலே பக்கம் மாறிவிட்டது. "போச்சுங்க. சாவியில்லாம உள்ள போக முடியாதுங்க."

"இன்னொண்ணு போடு!"

போட்டாள். "ஐயோ, பழைய சாவியே போதுமான்னு கேட்டுது. சரின்னு அமுக்கிப்போட்டனுங்க."

"அதுதான் நம்மகிட்ட இல்லியே! இன்னொண்ணு போடு!"

இப்போது பாம்பேயில் மூன்று எக்ஸ்எல் மெஷின்கள்.

"மூணுங்களா? அப்ப எறக்க ஆளுக்குச் சொல்லவாங்கய்யா?" என்றார் சீனிச்சாமி.

மகுடேஸ்வரனுக்குச் சுர்ரென்று ஏறியது. "ஏனுங்க, நின்னுட்டு உசுர வாங்கறீங்க! கெளம்புங்க மொதல்ல!"

"இப்பவேவாங்கய்யா?"

"இப்பவே!"

சீனிச்சாமி கத்திரியை மேஜைமேல் வைத்தார். தூக்குவாளியை எடுத்துக்கொண்டு படியிறங்கிவிட்டார்.

மறுநாள் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. போன் அணைந்து கிடந்தது.

"ஓடுதுங்க! மூணாவது மெஷின் ஓடுதுங்க!" என்று அனுசுயா துள்ளினாள்.

"ஓடட்டும்" என்றார் மகுடேஸ்வரன். அவர் கண் கத்திரிமேல் இருந்தது. கம்பெனி தொடங்கிய புதிதில் முதல் ஆர்டரே சாயம் மாறித் திரும்பிவந்தபோது தைக்கிற ஆட்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். "நான் எங்கிட்டுங்கய்யா போக?" என்று இதே கத்திரியோடு நின்றவர் சீனிச்சாமி ஒருவர்தான். அந்த மனுஷனைப் போய்க் கிளம்பச் சொன்ன வாயை என்ன செய்வது?

கத்திரியைத் துணியில் சுற்றிக்கொண்டு மண்ணரையில் இருக்கும் அவர் வீட்டுக்கே போய்விட்டார். சீனிச்சாமியின் மனைவி வெள்ளையம்மாள் கதவைத் திறந்தாள்.

"அம்மிணி, கோவத்துல ஒரு வார்த்தை சொல்லிப்போட்டனுங்க. தூக்கமே இல்லீங்க. அவரக் கூப்புடுங்க, மன்னிப்புக் கேட்டுப்போடறேன்."

வெள்ளையம்மாள் ஒன்றும் புரியாமல் பார்த்தாள்.

"மன்னிப்பா? நீங்க கெளம்பச் சொன்ன அன்னிக்கே அவுக எந்தம்பி லாரியில ஏறிப் பாம்பே போயிட்டாகளேய்யா. இப்பத்தான் எந்தம்பி போன்ல பேசுனாக. அந்த மூணு மெஷினும் எந்தக் குடோன்ல கெடக்குன்னு ஒங்ககிட்ட கேக்கச் சொன்னாக, மறக்காமச் சாவியையும் குடுத்தனுப்பச் சொன்னாக!"