கட்கி சைலன்சர் விமோசன இயக்கம்

மனித குலம் சக்கரத்தைக் கண்டுபிடித்ததில் பாதி வேலைதான் முடிந்தது. மீதியை முடித்துவைத்த பெருமை புனே கட்கியைச் சேர்ந்த திருவாளர் நீல் அவர்களையே சேரும்.

நீலுக்கு ஆகுர்டியில் ஒரு கார் தொழிற்சாலையில் உத்தியோகம். வெளியே போகும் ஒவ்வொரு காரின் சத்தத்தையும் அளந்து, துளி கூடினாலும் திருப்பி அனுப்பிவிடுவார். அவ்வளவு கூர்மையான காது! அதற்கு ஓய்வு வேண்டாமா? சொந்தக் காரின் சைலன்சரைக் கழற்றிப் பரணில் போட்டார். வண்டியின் வயிறு தரையைத் தொடும்படி இறக்கினார். பின்னால் இறக்கை வைத்தார். அது பறக்கவில்லை என்பது இருக்கட்டும், ஸ்பீடு பிரேக்கரையே தாண்டவில்லை. ஏறியவர்கள் இறங்கி நடந்து, அந்தப் பக்கம் போய் ஏறிக்கொள்வது ‘சம்பிரதாயம்’ ஆயிற்று.

ஆறே மாதத்தில், அவரைப் போலவே சைலன்சரைக் கழற்றிப் பரணில் போட்ட பதினேழு சீடர்கள். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ‘பொதுக்குழு’ கூடும். தீர்மானங்களை ஹாரன் அடித்து நிறைவேற்றுவார்கள்.

இத்தனை புகழிலும் நீலின் உயிர் எல்சி டீச்சரிடம்தான் இருந்தது. இரண்டு வருடமாகப் பள்ளிக்கூடத்திலிருந்து அவளைக் காரில் கொண்டுபோய் வீட்டில் விட்டார். வழியெல்லாம் அவள் பேசிக்கொண்டே வருவாள். நீல் தலையாட்டிக்கொண்டே ஓட்டுவார். இப்படியொரு மனப்பொருத்தம் யாருக்கு வாய்க்கும்!

கல்யாணத்தன்று காரை வேறு யாரிடமும் கொடுக்க மனமில்லாமல், மணமகளை அழைத்துவர மாப்பிள்ளையே போனார். ஆலயம் போய்ச் சேர்வதற்குள் ஏழு ஸ்பீடு பிரேக்கர். ஏழு தடவையும் எல்சி வெள்ளைப் பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்தபடி இறங்கி நடந்தாள்.

“மாப்ள, இதுக்கு வீட்டுலருந்தே நடந்து வந்துருக்கலாமே?” என்று கத்தினார் அவளுடைய அப்பா சுவிசேஷமுத்து.

“அரே மாமா, ஸ்டைல்னா சும்மாவா? தோடா, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்க!”

எல்சியும் ஏதோ சொன்னாள். நீல் தலையாட்டினார்.

ஆலயத்தில் பாஸ்டர் கேட்டார்: “எல்சி, இவரை உன் கணவராக ஏற்றுக்கொள்ளச் சம்மதமா?”

அந்தப் புனித நொடியில், வாசலில் நின்ற பதினேழு கார்களும் தலைவருக்கு மரியாதையாக ஒருசேர உறுமின. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. எல்சியின் உதடு அசைந்தது. நீல் பூரித்துப்போய்த் தாலியைக் கையில் எடுத்துவிட்டார்.

“பொறுங்க தம்பி, எனக்கு ஒண்ணும் கேக்கலியே. காதால கேக்காம நான் நடத்த முடியாது,” என்றார் பாஸ்டர்.

நீல் வாசலுக்கு ஓடினார். “அரே, பந்த் கரோ! நிறுத்துங்கடா! என் கல்யாணம்டா!”

கார்கள் அடங்கின. கட்கியில் அன்றுதான் காக்காய் கத்துவது காதில் விழுந்தது. பாஸ்டர் மறுபடி கேட்டார்.

“இல்லன்னு சொன்னேன் ஐயா,” என்றாள் எல்சி. பிறகு நீலைப் பார்த்தாள். “கல்யாணத்துக்குள்ள சைலன்சரை மாட்டிரு, இல்லன்னா கல்யாணமே வேண்டாம்னு ரெண்டு வருஷமா பக்கத்துல உக்காந்து சொல்லிட்டு வந்தேன். நீயும் தலையாட்டிட்டே வந்த. இன்னிக்கும் ஏழு தடவை சொன்னேன், நீல்.”

சொல்லிவிட்டு இறங்கி நடந்தாள். இந்தத் தடவை அந்தப் பக்கம் போய் ஏறிக்கொள்ளவில்லை.

மறுவாரமே பதினேழு வீட்டுப் பரண்களிலிருந்தும் சைலன்சர்கள் கீழே இறங்கின. இயக்கம் கலைந்தது.

அந்த மாதம்தான் ஆகுர்டித் தொழிற்சாலை, ‘இவ்வாண்டின் மிகக் கூர்மையான செவி’ என்ற விருதை ஏகமனதாக நீலுக்கு வழங்கிக் கௌரவித்தது.