விதானையாரின் மூன்றாம் மாடி

கொழும்பு மாநகரின் மருத்துவர்கள் அனைவரும் கூடி இதுவரை கரைத்த கொழுப்பையெல்லாம் தராசின் ஒரு தட்டில் வையுங்கள். கொட்டாஞ்சேனையில் ஒரு முக்காலியில் அமர்ந்தபடியே ஒரு மனிதர் கரைத்த கொழுப்பை மறு தட்டில் வையுங்கள். மருத்துவர்களின் தட்டு கூரையில் போய் முட்டும். அந்த மனிதரோ, தம் வாழ்நாளில் தவிர்க்கக்கூடிய ஒரு படியையும் ஏறியவர் அல்லர்.

அவரை நாங்கள் விதானையார் என்று அழைத்தோம். அவருடைய உண்மைப் பெயர் சம்பளப் பட்டியலுக்கு மட்டுமே தெரியும். விதானை என்பது முன்னாளில் ஊரை ஆண்ட தலைமைக்காரருக்குரிய பெயர். எங்கள் விதானையார் ஆண்ட ஊர் நான்கடி நீளமும் நான்கடி அகலமும் கொண்டது. மேலும் கீழும் நகர்வது. கப்பற் சரக்குகளைச் சுங்கத்திலிருந்து விடுவித்துக் கொடுக்கும் எங்கள் நிறுவனத்தின் பழைய கட்டடத்தில், இழுத்து மூடும் இரும்புக் கதவு போட்ட மின்தூக்கி ஒன்று இருந்தது. அதன் பித்தளைக் கைப்பிடியைத் திருப்பும் உரிமை அவர் ஒருவருக்கே உரியது. நிலத்தளத்தில் வாடிக்கையாளர்களைச் சந்திக்கும் பீடம். நடு மாடிகள் முழுவதும் பழைய கோப்புகள். ஐந்தாம் மாடியில் நாங்கள் நாற்பது பேர்.

வேலையில் சேர்ந்த முதல் நாள், வெள்ளவத்தையிலிருந்து பேருந்தில் நசுங்கி வந்து சேர்ந்த நான், ஐந்தாம் மாடி என்று பணிவாகச் சொன்னேன். விதானையார் கண்களை மூடிக்கொண்டு, வடக்கயிறு முனகும் ஒலியைச் சிறிது நேரம் கேட்டார். மின்தூக்கி மூன்றாம் மாடியில் நின்றது. கதவு திறந்தது.

"தம்பி, நீர் இதிலை இறங்கும்."

"அண்ணை, எனக்கு அஞ்சாம் மாடி."

"அது கந்தோருக்கு. உம்மடை வண்டிக்கு மூண்டு காணும்."

கந்தோர், அதாவது அலுவலகம், ஐந்தில் இருப்பது சரி. ஆனால் எனக்கு வண்டி, அதாவது தொந்தி, இருப்பதை அதுவரை என் தாயார்கூட ஒப்புக்கொண்டதில்லை. எஞ்சிய இரண்டு மாடிகளையும் கால்நடையாக ஏறினேன். அன்று தொடங்கிப் பதினோர் ஆண்டுகள் அவ்வாறே ஏறினேன்.

விதானையார் இளமையில் துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டியவர். பொதியின் நிறையைக் கயிற்றின் முனகலிலிருந்து கணிக்கும் திறன் அங்கே வாய்த்தது. பொதிகள் போய் மனிதர்கள் வந்த பின்னரும் அத்திறன் அவரை விட்டு அகலவில்லை. திங்கட்கிழமை காலையில் நாம் உள்ளே கால் வைத்ததும், வார இறுதியில் கலியாண வீட்டுக்குப் போனோமா, நினைவுநாள் வீட்டுக்குப் போனோமா என்பதைச் சொல்லிவிடுவார். இறக்குமதிப் பிரிவின் சிவநேசன் ஒரு முறை மூச்சை அடக்கிக்கொண்டு நின்று பார்த்தார். "காத்துக்கு நிறையில்லைத் தம்பி, இடியப்பத்துக்குத்தான் கிடக்கு" என்று சொல்லி, விதானையார் அவரை இரண்டாம் மாடியிலேயே இறக்கிவிட்டார்.

சிவநேசனுக்கு இரண்டாம் மாடி. எனக்கும் பெரும்பாலோருக்கும் மூன்றாம் மாடி. முழங்கால் வாதத்தால் வருந்திய தட்டச்சாளர் செல்வமலர் அக்காவுக்கு மட்டும் எந்நாளும் ஐந்து. இத்தீர்ப்புகளுக்கு மேன்முறையீடு இல்லை. இறங்கும்போது அவர் யாரையும் தடுத்ததில்லை. கீழே போவதற்கு நாங்கள் எத்தனை முறை மணி அடித்தாலும் வந்து அழைத்துச் சென்றார். திரும்பி வரும்போதுதான் நீதிமன்றம் கூடும்.

புதிய பொது முகாமையாளர் பொறுப்பேற்ற காலையில் நாங்கள் மூச்சடக்கிக் காத்திருந்தோம். விதானையார் அவரையும் மூன்றாம் மாடியில் மரியாதையோடு இறக்கிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு கீழே போய்விட்டார். அந்த நல்ல மனிதர் ஒரு சொல்லும் பேசவில்லை. பேசாததற்குக் காரணம் பெருந்தன்மை என்று நினைத்தோம். இரண்டு மாதங்களின் பின்னரே உண்மை வெளிப்பட்டது. இந்தக் கட்டடத்தின் மின்தூக்கி மூன்றாம் மாடிக்கு மேல் போகாது என்று அவர் முழுமையாக நம்பி, மாலையிலும் மூன்று வரை படியிறங்கி வந்தே அதில் ஏறியிருந்தார். ஒரு நாள் ஆளுயரத் தேக்கு அலுமாரி ஒன்று ஐந்தாம் மாடியில் மின்தூக்கியிலிருந்து வெளிவருவதைக் கண்டு, தம் அறை வாசலில் நெடுநேரம் அசையாது நின்றார். அதற்குள் அவருடைய கழுத்துப்பட்டி தளர்ந்து, காற்சட்டைக்கு இடைவார் தேவைப்பட்டிருந்தது. ஆகவே கண்டதை யாரிடமும் சொல்லாமல், மறுநாளும் மூன்றிலேயே இறங்கினார்.

எனக்கு டெங்குக் காய்ச்சல் வந்து, எட்டு நாள் படுக்கையில் கிடந்து திரும்பிய அன்று நிகழ்ந்ததையும் சொல்லவேண்டும். விதானையார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கயிற்றைக் கேட்கவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று மாடிகள் கடந்தன. நான்கும் கடந்தது. ஐந்தாம் மாடியில் கதவைத் திறந்து, "இண்டைக்கு இதுவரைக்கும் வாரும்" என்றார். மருத்துவமனையில் எனக்கு வராத அச்சம் அப்போதுதான் வந்தது.

இவ்வாறு நாடு நலமாக இருந்த வேளையில், ஊழியர் நலவாழ்வுத் திட்டம் வந்து சேர்ந்தது.

அதை நடத்த வந்தவர் ரிஸ்வானா மிஸ். கிராண்ட்பாஸில் பிறந்து வளர்ந்தவர், உடற்கல்வி படித்தவர், களைப்பு என்பதை நூல்களில் மட்டுமே கண்டவர். வந்த முதல் வாரத்தில் எங்கள் நாற்பது பேரின் மணிக்கட்டிலும் நடைகளை எண்ணும் பட்டியைக் கட்டினார். கணினியில் வரைபடம் ஏறத் தொடங்கியது. விதானையாருக்கும் ஒரு பட்டி கொடுக்கப்பட்டது. பேருந்துத் தரிப்பிலிருந்து முக்காலி வரை, முக்காலியிலிருந்து பேருந்துத் தரிப்பு வரை என்று அது நாளொன்றுக்குச் சொற்ப நடைகளையே காட்டியதால், பழுதென்று கருதி மிஸ் அதனை இரு முறை மாற்றினார்.

அடுத்து, மாலைத் தேநீரோடு வந்த, எண்ணெயில் பொரித்த ரோல்ஸ் நிறுத்தப்பட்டு, அவித்த கடலையும் வெள்ளரித் துண்டுகளும் வந்தன. விதானையார் தமக்குரிய கடலைக் கிண்ணத்தை இருமுறை சுற்றிப் பார்த்து, "உதைத் தின்ன நான் என்ன பந்தயக் குதிரையே" என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார். அதன் பின்னர் மொட்டை மாடியில் மூச்சுப் பயிற்சி தொடங்கியது. நுரையீரல் நிறைய இழுக்குமாறு மிஸ் கட்டளையிட்ட அதே கணத்தில், பக்கத்து ஆலையில் மிளகாய் அரைக்கத் தொடங்கினார்கள். நாற்பது பேர் ஒருமித்துத் தும்மிய ஓசை துறைமுகம் வரை கேட்டிருக்கும். அன்றைய பயிற்சியில் வயிற்றுத் தசைகள் நன்கு இயங்கின என்று மிஸ் குறித்துக்கொண்டார். எதிலும் நன்மையைக் காணும் அந்தக் குணத்திற்காகவே அவரை எங்களுக்குப் பிடித்துப்போயிற்று.

மூன்றாம் வாரம் வந்த சுற்றறிக்கைதான் யாருக்கும் பிடிக்கவில்லை. மறுநாள் முதல் மின்தூக்கி பூட்டப்படும். அனைவரும் படிகளையே பயன்படுத்த வேண்டும். மூன்று மாதங்களில் ஊழியர்களின் நடை கூடியிருந்தால் மின்தூக்கி நிரந்தரமாக நிறுத்தப்படும். அதை இயக்குபவரின் பணியும் அத்துடன் நிறைவுறும். தலைமைக் காரியாலயத்தின் முடிவு அது. விதானையார் ஓய்வு பெற இன்னும் இரண்டு ஆண்டுகள் இருந்தன.

அவர் வாதிடவில்லை. பூட்டிய கதவின் முன்னே முக்காலியைப் போட்டு, வழமைபோல வெள்ளைச் சட்டையோடு அமர்ந்தார். நாளுக்கு இரு முறை கம்பிக் கதவினூடே கையை நுழைத்து, எட்டும் அளவுக்குப் பித்தளைக் கைப்பிடியைத் துடைத்தார். செல்வமலர் அக்கா ஐந்து மாடி ஏற இயலாதவர் ஆதலால், தட்டச்சு இயந்திரத்தோடு நிலத்தளக் களஞ்சிய அறைக்கு மாற்றப்பட்டார். சில நாள்களில் முக்காலியைக் காணவில்லை. அக்காவின் மேசைக்கடியில், வீங்கிய காலைத் தூக்கி வைக்க அது போயிருந்தது. விதானையார் நின்றுகொண்டிருந்தார். நான் விசாரித்தபோது, ஹெந்தளையில் வீட்டில் இருந்து என்ன செய்வதென்று தெரியவில்லை என்றார்.

"முப்பது வரியமாய்ச் சனத்தோடை இருந்திட்டன் தம்பி. வீட்டிலை மனிசி மட்டுந்தான். அவவும் கயிறில்லாமலே என்ரை நிறையைச் சொல்லுவா."

நாங்கள் சிரித்தோம். அவரும் சிரித்தார். ஆனால் என் கைப்பட்டி காட்டிய எண்ணை அன்று முதல் நான் பகைவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தேன். நான் நடக்க நடக்க அவருடைய வேலை போகும். எங்களில் ஒருவரும் திட்டமிட்டுச் சோம்பவில்லை என்பதை இங்கே உறுதிபடச் சொல்கிறேன். சோம்பல் தானாகவே வந்தது.

ஐந்து மாடி ஏறி வந்த மனிதன் மறுபடி கீழே போவானா? முன்பெல்லாம் துறைமுகத் தாள்களுக்கு ஒரு முறை, வாடிக்கையாளருக்கு இரு முறை, கீழேயுள்ள தேநீர்க் கடைக்கு எத்தனையோ முறை என்று இறங்கி ஏறியவர்கள், இப்போது காலையில் ஒரு தரம் ஏறி, மாலை வரை நாற்காலியோடு ஒட்டிக்கொண்டார்கள். வாடிக்கையாளருக்குத் தொலைபேசியில் மறுமொழி போயிற்று. பசிக்கு வழி கண்டவர் சிவநேசன். சரக்குக் கட்டும் நைலோன் கயிற்றில் ஒரு கூடையைக் கட்டி, தேநீர்க் கடை வாசலுக்கு மேலுள்ள சன்னலால் இறக்கினார். கடைக்காரர் அதில் மீன் பொதிந்த மாலுபாண்களை நிரப்பி, "ஹரி, அதின்ன" என்று, சரி இழுங்கள் எனப் பொருள்படச் சிங்களத்தில் கூவுவார். மேலே இருவர் இழுப்பார்கள். கொட்டாஞ்சேனையில் அக்காலத்தில் ஒழுங்காக இயங்கிய மின்தூக்கி அது ஒன்றுதான், மின்சாரம் மட்டும் இல்லை.

ஆறாம் வாரத்தில் மிஸ்ஸின் வரைபடம் குப்புற விழுந்தது. மின்தூக்கி ஓடிய முதல் இரு வாரங்களில் உயர்ந்திருந்த கோடு, அது பூட்டப்பட்ட நாளிலிருந்து சரிந்துகொண்டே போயிற்று. பட்டிகளில் பழுது என்று எண்ணி, பக்கத்துக் கடையில் மின்கலம் வாங்க அவர் தெருவில் இறங்கிய வேளையில், பன்னிரண்டு மாலுபாண்கள் அவருடைய முகத்தின் முன்னால் மெதுவாக வானேறின.

அவர் அண்ணாந்து பார்த்தார். சிவநேசன் குனிந்து பார்த்தார். கயிற்றை விட்டால் பண்டம் பாழ்; இழுத்தால் மானம் பாழ். சிவநேசன் இழுத்தார்.

மிஸ் ஐந்து மாடியையும் ஓடியே ஏறி வந்து, மூச்சு வாங்காமல் கேட்டார். "லிப்ட் ஈக்கக்குள்ள கூட நடந்தீங்க. லிப்ட் இல்லாம ஏன் நடக்கிறீங்க இல்ல? எனக்கு விளங்கல்ல."

சிவநேசன் வாயில் மாலுபாண் இருந்தமையால் நான் விளக்க வேண்டியதாயிற்று. விதானையார் ஒவ்வொருவரையும் இரண்டு, மூன்று மாடிகள் முன்னதாகவே இறக்கிவிடுவார் என்பதையும், நாளுக்கு ஆறு தரம் வந்து போனால் அதுவே பன்னிரண்டு மாடி என்பதையும், இப்போது காலையில் ஏறும் ஐந்துடன் எல்லாம் முடிந்துவிடுகிறது என்பதையும் சொன்னேன். மிஸ் தம் மடிக்கணினியை மெல்ல மூடினார்.

பொது முகாமையாளர் விதானையாரை உடனே மேலே வருமாறு பணித்தார். பூட்டுச் சாவி தலைமைக் காரியாலயத்தில் இருந்தது. ஆகவே, வரலாற்றில் முதன்முறையாக, விதானையார் படியேறினார்.

ஐந்தாம் மாடியிலிருந்த நாங்கள் அனைவரும் படிக்கட்டின் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். முதலாம் மாடியில் அவர் சட்டைப் பொத்தானைக் கழற்றினார். இரண்டாம் மாடியில் சுவரோடு பேசினார். மூன்றாம் மாடியை அடைந்ததும், இனி ஓர் அடியும் இல்லை என்ற உறுதியோடு படியில் அமர்ந்துவிட்டார். மேலே கதவு திறந்தது. பொது முகாமையாளர் இரண்டு மாடிகள் இறங்கி வந்து, அவரருகே அதே படியில் அமர்ந்தார்.

"விதானையார், உங்களுக்கும் மூண்டுதான் போல" என்றார்.

மிஸ்ஸும் இறங்கி வந்து எதிரே நின்றார். யாரை எங்கே இறக்குவதென்று எதை வைத்து முடிவு செய்தீர்கள் என்று அவர் கேட்டபோது, அவருடைய குரலில் கோபமே இல்லை. மாணவியின் ஆவல்தான் இருந்தது. விதானையார் நெடிய மூச்சு ஒன்றை எடுத்துக்கொண்டார்.

"பாரத்தைக் கயிறு சொல்லும் பிள்ளை. நோவைக் கயிறு சொல்லாது. அதுக்கு ஆளின்ரை முகத்தைப் பாக்கவேணும். செல்வமலரை நான் ஒரு நாளும் நடக்க விட்டதில்லை. உங்கடை பட்டி அவவின்ரை முகத்தைப் பாத்ததோ?"

மிஸ் தம் மணிக்கட்டிலிருந்த பட்டியைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, படியில் அவருக்குக் கீழே அமர்ந்தார். அன்றிரவே தலைமைக் காரியாலயத்துக்கு அவர் எழுதிய அறிக்கையில், இக்கட்டடத்தின் நலவாழ்வுத் திட்டம் முப்பது ஆண்டுகளாகச் செவ்வனே நடந்து வருகிறது என்றும், அதற்கு இன்றியமையாத கருவி ஒரு மின்தூக்கியும் ஒரு முக்காலியும் என்றும் குறிப்பிட்டிருந்தார். வரைபடமும் இணைக்கப்பட்டிருந்தது. வரைபடத்தோடு எவரும் வாதிடுவதில்லை.

திங்கட்கிழமை பூட்டுத் திறந்தது. முதலில் ஏறியவர் செல்வமலர் அக்கா. முக்காலியை அவரே கையில் ஏந்தி வந்து உரிய இடத்தில் வைத்தார். ஐந்தாம் மாடி வரை போனார். அடுத்து ஏறிய சிவநேசனின் நிறையைக் கேட்டதும் விதானையார் திடுக்கிட்டுக் கண்களைத் திறந்தார். பூட்டியிருந்த வாரங்களின் மாலுபாண்கள் அனைத்தையும் கயிறு ஒன்றுவிடாமல் ஒப்புவித்திருந்தது. சிவநேசன் முதலாம் மாடியில் இறக்கப்பட்டார். மாலையில் தேநீரோடு ரோல்ஸும் வந்தது. மீண்டும் கைப்பிடியைத் தொட விதானையார் விதித்த நிபந்தனை அது ஒன்றுதான்.

இரண்டு ஆண்டுகள் கழித்து, முறைப்படி, மாலையும் மரியாதையுமாக அவர் ஓய்வு பெற்றார். இப்போது ஹெந்தளையில், படிகளே இல்லாத வீட்டில் இருக்கிறார். பழைய மின்தூக்கியின் இடத்தில் கண்ணாடியும் பொத்தான்களும் கொண்ட புதியது ஒன்று வந்திருக்கிறது. யாரையும் எதுவும் கேட்காமல், சொன்ன மாடிக்கே கொண்டுபோய் விடுகிறது. நான் மூன்றையே அழுத்துகிறேன். நேற்றுக் காலையில் என்னோடு ஐந்து பேர் ஏறினார்கள்; வேறு எந்தப் பொத்தானிலும் விளக்கு எரியவில்லை. மூன்றாம் மாடியில் அனைவரும் இறங்கி, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், மேலே நடந்தோம்.