விவாகரத்து விசாரிக்கிறவள்

ஒருநாளும் ரயில் ஏறாமல், எந்த ரயில் எத்தனை மணிக்கு எந்த மேடைக்கு வரும் என்பதை மட்டும் மனப்பாடமாக வைத்திருப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். அந்த இனத்தில் ஒரு கிளை உண்டு. விவாகரத்து விசாரிக்கிறவர்கள். விவாகரத்து செய்கிறவர்கள் வேறு ரகம். அவர்கள் ஒருநாள் வருவார்கள், கையெழுத்துப் போடுவார்கள், போய்விடுவார்கள். விசாரிக்கிறவர்கள் போகவே மாட்டார்கள்.

இந்தக் கிளையில் தேறின கை என்றால், பத்தலுங் என்கிற ஊர்ப் பக்கம் ஒரு வட்ட அலுவலக மதிலோரம் வண்டி போட்டுக் காபி விற்கிற சமோர்னைத்தான் சொல்ல வேண்டும். ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். கூச்சக்காரி. யாரிடம் பேசினாலும் கண் காபி வடிகட்டும் துணிப்பையில்தான் இருக்கும். ஆனால் அந்தப் பையைப் பார்த்துக்கொண்டே அவள் சொல்லுகிற சட்டம் இருக்கிறதே, உள்ளே குளிர்சாதன அறையில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கே சில சமயம் தெரியாது.

இரண்டு பேரும் ஒத்துக்கொண்டால் வட்ட அலுவலகம். அடையாள அட்டை, திருமணப் பதிவுச் சான்று ரெண்டு பிரதி, பிள்ளை யாரிடம் சொத்து யாருக்கு என்று எழுதின உடன்பாடு, சாட்சி ரெண்டு பேர். அரை மணி நேரம், கட்டணம் கிடையாது. ஒருத்தர் முறுக்கிக்கொண்டால் நீதிமன்றம். அங்கே காரணம் வேண்டும், வக்கீல் வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலே பொறுமை வேண்டும். ஊரில் மூன்று வக்கீல். ஒருத்தர் மொத்தமாக முப்பதாயிரம் பாத் என்பார், ஒருத்தர் வாய்தாவுக்கு வாய்தா வாங்குவார், மூன்றாமவர் முதலில் பாதி வாங்கிக்கொண்டு மீதிப் பாதியைப் பற்றி உங்களை நினைக்க வைப்பார். விவாகரத்து ஆன பெண் வேறொருவனைக் கட்ட முந்நூற்றுப் பத்து நாள் பொறுக்க வேண்டும். இதெல்லாம் சமோர்னுக்கு விரல் நுனியில்.

வருகிறவர்கள் யாரும் தனக்கென்று கேட்க மாட்டார்கள்.

"அக்கா, என் சிநேகிதி ஒருத்திக்கு..."

"சிநேகிதிக்குப் பிள்ளைங்க எத்தனை?"

"ரெண்டு. பெரியவன் அப்படியே என் மூக்கு."

சமோர்ன் சிரிக்க மாட்டாள். டின்பாலை ஒரு கரண்டி கூடுதலாக ஊற்றுவாள். அதுதான் அவள் ஆறுதல்.

சாட்சி கிடைக்காமல் முழிக்கிறவர்களுக்கு அவளே சாட்சி. வண்டியில் நீலப் பேனா ஒன்று கயிற்றில் தொங்கும். இதுவரை அறுபத்து மூன்று விவாகரத்துக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். ஒவ்வொரு தடவை போட்டுவிட்டு வெளியே வரும்போதும் மனதுக்குள் ஒரு வரி ஓடும்: அடுத்தது நாம்தான்.

பதினோரு வருஷமாக ஓடுகிறது அந்த வரி. வீட்டில் அதை வாய்விட்டுச் சொல்லி மிரட்டியதும் உண்டு.

புருஷன் விச்சியன் குடிக்கிறவன் இல்லை, அடிக்கிறவன் இல்லை. அப்படி ஏதாவது இருந்தாலாவது நாலு பேரிடம் சொல்லிக்கொள்ள வசதியாக இருந்திருக்கும். அவன் கொண்டைக்குருவி வளர்க்கிறான். ஞாயிற்றுக்கிழமை தோறும் பாட்டுப் போட்டி. மற்ற ஆறு நாளும் அதற்குத் தயாரிப்பு. குருவிக்குக் குளியல், வெயில், நேந்திரம் மாதிரிப் பழுத்த வாழைப்பழம், 'என் தங்கம்' என்கிற பெயர். சமோர்னுக்கு 'ஏய்'. காலையில் அவள் குவளைகளை எடுத்து வைத்தால், "ஏய், சத்தம் போடாதே, தங்கம் ராகம் பழகுது" என்பான். குவளைச் சத்தம் கேட்காமல் காபிக்கடைக்குக் கிளம்புகிற பெண் உலகத்தில் அவள் ஒருத்தியாகத்தான் இருக்கும். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. 'நீ என்ன சொல்றே?' என்று அவன் ஒருநாள், ஒரே ஒரு நாள், அவளிடம் கேட்க வேண்டும். கேட்காதவனோடு என்ன குடித்தனம்? போய்விட வேண்டும்.

போகலாம்தான். வழி தெரியும், வண்டி நிற்கிற இடத்திலிருந்து கவுன்ட்டர் நாற்பது அடி. தாளும் இருக்கிறது. கல்யாணமான வாரம் மாமனார் வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய் இதே அலுவலகத்தில் மூன்று இடத்தில் கையெழுத்து வாங்கினாரே, அந்தத் தாள், பிளாஸ்டிக் உறையில், பிஸ்கட் டின்னுக்குள், பதினாலு வருஷமாக. ஒருநாளும் அவள் அதை எடுத்துப் பார்த்ததில்லை. எடுத்தால் காரியம் தொடங்கிவிடுமே! அடையாள அட்டையில் அவள் இன்னும் 'செல்வி'தான். யாராவது கேட்டால், "இப்பச் சட்டம் மாறிப்போச்சு, கல்யாணம் ஆனாலும் செல்வின்னே வெச்சுக்கலாம்" என்று அதற்கும் ஒரு பாடம் எடுப்பாள். சட்டம் தெரிந்தவள் அல்லவா?

அறுபத்து மூன்றாவது விவாகரத்து முடிந்து வந்த சின்னப் பெண்தான் குட்டையைக் குழப்பியது. ஐஸ் காபியை உறிஞ்சிக்கொண்டே கேட்டது:

"அக்கா, இவ்ளோ கரெக்டா சொல்றீங்களே, உங்களுக்கு இதுவரைக்கும் எத்தனை தடவை ஆச்சு?"

பெஞ்சில் உட்கார்ந்திருந்த, வாடகைக்கு மோட்டார் பைக் ஓட்டுகிறவர்கள் இரண்டு பேரும் சிரித்துக் காபியைச் சிந்தினார்கள்.

"அக்காவா? அக்கா வாசல்ல நின்னு கோயிலுக்கு வழி சொல்ற ஆளும்மா. உள்ள போய்க் கும்பிட்டதே இல்ல!" என்றான் ஒருத்தன்.

சமோர்னுக்குக் காது சுட்டது. துணிப்பையைப் பார்த்தாள். அதிலிருந்தது காபி மண்டி. தன் பதினோரு வருஷ விசாரணையும் இதே நிறத்தில்தான் இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது.

அன்று சாயங்காலம் வீட்டில் சொன்னாள்: "நாளைக்கு வட்ட ஆபீஸ் போகணும். விவாகரத்துக்கு."

விச்சியன் கூண்டுத் துணியை மடித்துக்கொண்டிருந்தான். "நாளைக்கா? நாளைக்குத் தங்கத்துக்கு வெயில் காட்டணுமே." கொஞ்சம் யோசித்தான். "சரி, அங்க மரத்துல மாட்டிக்கலாம். வரும்போது வாழைப்பழம் வாங்கிரலாம்."

பாருங்கள், இவள் இத்தனை வருஷம் மிரட்டி மிரட்டி அந்த வார்த்தையைச் சந்தைக்குப் போகிற வார்த்தையாக ஆக்கி வைத்திருந்தாள்.

மறுநாள் போனார்கள். அவள் ஒரு கையில் பிஸ்கட் டின், அவன் ஒரு கையில் கூண்டு. மரத்தில் வெயில் போதவில்லை என்று கூண்டை உள்ளேயே கொண்டுவந்துவிட்டான். சாட்சிக்கு அதே இரண்டு வாடகை பைக்காரர்கள்; ஆளுக்கு இரண்டு காபி லஞ்சம் வாங்கியிருந்தார்கள். சொந்தக் காரியத்துக்குத் தானே சாட்சியாக முடியாது என்பதும் சமோர்னுக்குத் தெரியும். உடன்பாட்டைக்கூட எழுதிக் கொண்டுவந்திருந்தாள். மகள், பன்னிரண்டு வயது, அம்மாவிடம்; குருவி அப்பாவிடம்.

கவுன்ட்டரில் பிம்பா. தினம் காபி குடிக்கிற பெண். "யாருக்கக்கா இன்னிக்கி சாட்சி?" என்றவள், சமோர்ன் நாற்காலியில் உட்கார்ந்ததைப் பார்த்து வாயை மூடிக்கொண்டாள். உறையை வாங்கித் தாளை உருவினாள். திருப்பினாள். மறுபடி முன்பக்கம் பார்த்தாள்.

"அக்கா, இது கல்யாணச் சான்று இல்லையே."

"நல்லாப் பாரு தங்கச்சி. மூணு எடத்துல கையெழுத்துப் போட்டேன்."

"போட்டிருக்கீங்கக்கா. வீடு மாத்தினதுக்கு. உங்க அப்பா வீட்டுக் குடியிருப்புப் புத்தகத்துலேர்ந்து இவங்க வீட்டுப் புத்தகத்துக்குப் பேரை மாத்தின சீட்டு இது."

"கம்ப்யூட்டர்ல பாரு. தாள் தொலைஞ்சாலும் கம்ப்யூட்டர்ல இருக்கும்." இது அவள் அறுபத்து மூன்று பேருக்குச் சொன்ன யோசனை.

பிம்பா தட்டினாள். திரையை மெதுவாக இவர்கள் பக்கம் திருப்பினாள். சமோர்ன், மணமாகாதவர். விச்சியன், மணமாகாதவர்.

"பிக்கு வந்து ஓதி, கையில நூல் கட்டி, நானூறு பேர் சாப்பிட்டாங்க," என்றான் விச்சியன்.

"அது ஊருக்கு அண்ணே. பதிவுக்கு நீங்க ரெண்டு பேரும் வரவே இல்ல." பிம்பாவுக்குச் சிரிப்பை அடக்கக் கன்னம் வலித்திருக்கும். "அக்கா, உங்களைப் பிரிக்கச் சட்டத்துக்கு அதிகாரமே இல்லக்கா."

பின்னால் வாடகை பைக்காரன் ஒருத்தன், "அப்ப காபியத் திருப்பித் தரணுமா?" என்றான்.

சமோர்ன் தன் அட்டையைப் பார்த்தாள். செல்வி. பதினாலு வருஷமாகச் சட்டைப்பைக்குள் இருந்து சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. ஊருக்கெல்லாம் 'தாளை முதல்ல எடுத்துப் பாருங்க' என்று சொன்ன வாய், வீட்டு டின்னுக்கு மட்டும் விலக்குக் கொடுத்துவிட்டது. ஆறாம் வகுப்பு மண்டை என்று திட்டிக்கொள்ளலாம்தான். ஆனால் இந்த முட்டாள்தனத்துக்கு அவ்வளவு கொஞ்சப் படிப்பு போதாது, பதினோரு வருஷ மேற்படிப்பு வேண்டும் என்று அவளுக்கே தோன்றியது. சிரிப்பு வந்துவிட்டது. பதினோரு வருஷம், பூட்டாத கதவுக்குச் சாவி செய்துகொண்டிருந்திருக்கிறாள்!

விச்சியன் சிரிக்கவில்லை. "அப்ப நான் இவளுக்கு யாரு?"

"சட்டப்படி அக்கா உங்க வீட்ல குடியிருக்கிறாங்க. அவ்ளோதான் அண்ணே."

"பிள்ள?"

"சட்டப்படி அம்மாவோட பிள்ள."

விச்சியன் கூண்டைத் தரையில் வைத்தான். பதினாலு வருஷத்தில் அவன் அதைத் தரையில் வைத்து அவள் பார்த்ததில்லை. குருவி படபடத்தது, அவன் குனியவில்லை.

"இவ எப்ப வேணாலும் போயிரலாமா? எந்தத் தாளும் வேண்டாமா?"

"செருப்பு மட்டும் போட்டுக்கிட்டாப் போதும் அண்ணே."

பிறகு அவன் பிம்பாவைப் பார்த்து, "கல்யாணத்தப் பதியவும் இதே கவுன்ட்டர்தானே? சாட்சியும் நிக்கிறாங்க..." என்று ஆரம்பித்தவன், பாதியில் நிறுத்திவிட்டுத் திரும்பினான். சமோர்னைப் பார்த்தான்.

"நீ என்ன சொல்றே?"

கேட்டுவிட்டான்! பிம்பா பேனாவை நீட்டினாள். வாடகை பைக்காரர்கள் சட்டையைச் சரிசெய்துகொண்டார்கள். வேறொருத்தியாக இருந்தால் அழுதிருப்பாள், கையெழுத்துப் போட்டிருப்பாள், அல்லது செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பியிருப்பாள். சமோர்ன் யார்? அவள் பழக்கதோஷத்தில் துணிப்பையைத் தேடினாள். அது வண்டியில் இருந்தது. ஆகவே முதல் தடவையாக அவன் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்:

"விசாரிச்சுச் சொல்றேன்."

இது நடந்து நாலு மாதம் ஆகிறது. விச்சியன் காலையில் வண்டியைத் தள்ளிக்கொண்டு வருகிறான், தண்ணீர் சுமக்கிறான், ஐஸ் உடைக்கிறான். கூண்டு மதில் ஆணியில் தொங்குகிறது. சமோர்ன் குவளைகளை இஷ்டத்துக்கு மோதவிடுகிறாள், குருவி எப்படியோ பாடிக்கொள்கிறது. கூட்டம் குறைகிற நேரமாகப் பார்த்து அவன் பக்கத்தில் வந்து நிற்பான்.

"சமோர்ன், விசாரிச்சியா?"

"இன்னும் ஒரு தாளப் பத்திக் கேக்கணும்."

திருமணம் பதிவதற்கு என்ன வேண்டும்? இரண்டு அட்டை, இரண்டு சாட்சி, அரை மணி நேரம், கட்டணம் கிடையாது. அவளுக்குத் தெரியாதா? கயிற்றில் தொங்குகிற பேனாவுக்கே தெரியும். ஆனால் ஒரு மனிதன் தினம் ஒரு தடவை அவளைப் பெயர் சொல்லிக் கேட்கிறான். அதை ஒரு கையெழுத்தில் முடித்துவிட அவளுக்கென்ன அவசரம்?

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நீங்கள் இந்த இனம் இல்லை, தெரியும். உங்கள் காரியமெல்லாம் ஒழுங்கு. உங்கள் வீட்டு பீரோவில், மேல்தட்டில், புடவைக்கடியில் பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக இருக்கிறதே ஒரு தாள், வீட்டுத் தாளோ, கல்யாணத் தாளோ, அது நீங்கள் நினைக்கிற தாள்தான். சந்தேகமே வேண்டாம். கடைசியாக அதை எப்போது பிரித்துப் படித்தீர்கள்?

நாளைக்குப் பார்க்கிறீர்களா? பாருங்கள். அவசரமில்லை.