தோற்றபின் தெளிந்தோர்

போக்கர் ஆடுகிறவர்கள் மூன்று வகை என்று ஒரு பேச்சு உண்டு: ஆடத் தெரிந்தவர்கள், தெரியாதவர்கள், அதிர்ஷ்டக்காரர்கள். இதைச் சொன்னவருக்கு விவரம் போதாது. நாலாவதாக ஓர் இனம் இருக்கிறது, மற்ற மூன்றையும் சேர்த்தாலும் அதன் தொகைக்கு ஈடாகாது. அவர்கள்தான் தோற்றபின் தெளிந்தோர். சீட்டு கையில் இருக்கிறவரை இவர்களுக்கு ஒன்றும் விளங்காது. கடைசிப் பந்தயச் சில்லையும் பறிகொடுத்து, நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி, இரண்டு முழங்காலும் நேராக நின்றதுமே ஞானம் பொத்துக்கொண்டு கொட்ட ஆரம்பித்துவிடும்.

எங்கள் நெவாடாவில் ஊருக்கு ஒருவர் இந்த இனத்தின் தலைமைக்குத் தேறுவார். எல்கோ ஊரில் அந்தப் பெருமை வெண்டல் ஸ்டோக்ஸுக்கு. தங்கச் சுரங்கத்து ராட்சத லாரிகளுக்கு டயர் மாற்றி ஓய்வு பெற்ற மனிதர். ஆறடிக்கு மேல் உயரம், அதற்குத் தக்க குரல். வியாழக்கிழமை சாயங்காலம் டுவேன் கார்வரின், பந்து உருட்டி விளையாடும் பவுலிங் கூடத்துப் பின்னறையில் நடக்கும் போட்டிக்கு முதலில் வருகிறவர் அவர்தான். முதலில் வெளியேறுகிறவரும் அவர்தான். போட்டி என்றால் கணக்கு எளிது: எல்லாருக்கும் சமமாகச் சில்லுகள், தீர்ந்தால் எழுந்துவிட வேண்டும், கடைசிவரை உட்கார்ந்திருப்பவர் ஜெயித்தவர். வெண்டல் எழுந்து நேராக, பந்து உருட்ட வருகிறவர்களுக்கான வாடகைச் செருப்பு அடுக்கும் அலமாரிக்குப் பக்கத்தில் போய், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். அவருடைய உண்மையான ஆட்டம் அங்கேதான் தொடங்குகிறது.

எப்படி ஆடுவார்? ஒவ்வொரு கை முடிந்ததும் ஒரு பெருமூச்சு விடுவார். ஜெயித்தவனைப் பார்த்துத் தலையசைப்பார், ஏதோ தான் சொல்லிக்கொடுத்துத்தான் அவன் ஜெயித்த மாதிரி. தோற்றவனைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொள்வார். பிறகு, "எனக்கென்ன வந்தது, இருந்தாலும் சொல்றேன்" என்று ஆரம்பிப்பார். இந்த "இருந்தாலும்" இருக்கிறதே, அதற்கு ஒரு தடுப்பூசி இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

மனித குலத்தை அவர் இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார்: ஆரம்பநிலை, இடைநிலை. அதற்கு மேல் ஒரு நிலை இருக்கிறதா, அதில் யார் இருக்கிறார் என்பதைத் தன்னடக்கத்தால் சொல்வதில்லை. ஆரம்பநிலைக்கு அவர் உபதேசம்: பொறு. பத்துக் கை வந்தால் எட்டை ஆடாமலே கவிழ்த்துவிடு. அழகான ராணி வந்தாள் என்பதற்காக மயங்காதே. கடைசியாகப் பேசுகிற இடம்தான் ராஜா இடம், மற்றவர்கள் செய்வதைப் பார்த்துவிட்டுச் செய்யலாம். இடைநிலைக்கு அவர் உபதேசம்: பொறுத்தது போதும். நேரம் ஆக ஆகக் கட்டாயப் பந்தயம் ஏறிக்கொண்டே போகும், சும்மா உட்கார்ந்திருந்தால் உன் சில்லு தானாகக் கரையும். கொஞ்சமாய் மிஞ்சிவிட்டால் இழுபறி வேண்டாம், ஒன்று எல்லாவற்றையும் உள்ளே தள்ளு, இல்லையா, கவிழ்த்துவிட்டுப் பேசாமல் இரு. தபால் ஆபீஸ் ரஸ்டிக்கு முதல் வாரம் ஆரம்பநிலைப் பாடம் எடுத்தார், அடுத்த வாரம் இடைநிலைப் பாடம் எடுத்தார். மூன்றாம் வாரம் ரஸ்டி பொறுப்பதா பாய்வதா என்று தெரியாமல், ஒரு சில்லைக் கையில் பிடித்தபடி ஒரு நிமிஷம் அந்தரத்திலேயே நிறுத்திவிட்டான்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், அவர் சொல்வது அத்தனையும் சரி. லாஸ் வேகஸில் ஆடிப் பிழைக்கிறவர்களும் இதையேதான் சொல்வார்கள். ஆனால் வெண்டல் தன் சொந்தச் சீட்டை மூலையில் லேசாகத் தூக்கிப் பார்த்தாரென்றால் போதும், படித்ததெல்லாம் பறந்துவிடும். ஏழும் இரண்டும் வரும். சீட்டாட்டத்திலேயே அதைவிடத் தரித்திரம் பிடித்த ஜோடி கிடையாது. இருந்தும் வெண்டலுக்கு, 'இந்த ஏழில் ஏதோ ஒரு களை தெரிகிறதே' என்று தோன்றும். போடுவார், போவார்.

அதோடு விட்டாரா? முகத்தில் எதையும் காட்டாமல் இருப்பது எப்படி என்று ஒரு வாரம் பாடம் நடத்தினார். உதாரணம் வேண்டுமே என்று தன்னையே உதாரணமாக்கி, தனக்கு ஏஸ் ஜோடி வந்தால் தன்னையறியாமல் கூரையைப் பார்ப்பதாகவும், வெறும் சீட்டை வைத்துக்கொண்டு மிரட்டும்போது காது மடலைத் தடவுவதாகவும், இப்படியெல்லாம் யாரும் செய்யக்கூடாது என்றும் விளக்கினார். நல்ல பாடம், எல்லாருக்கும் மனப்பாடம். அன்றிலிருந்து வெண்டல் கூரையைப் பார்த்தால் மேசையில் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் சீட்டைக் கவிழ்த்தார்கள்.

டுவேன் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. 'எனக்கு அந்த ஒரு சீட்டு மட்டும் வராமல் இருந்திருந்தால்' என்று தோற்ற கதையை யார் அவிழ்த்தாலும், அவர் முதலில் வினிகரில் ஊறிய முட்டை ஒன்றைத் தின்ன வேண்டும். மற்றவர்கள் அதற்குப் பயந்து கதையை விழுங்கிவிட்டார்கள். வெண்டல் முட்டையை விழுங்கிவிட்டுக் கதையைச் சொன்னார்.

இப்படியே போய்க்கொண்டிருந்தவருக்குத்தான் அந்த வருஷம் சோதனை வந்தது. பருவத்தின் இறுதிப் போட்டி, ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேவாலயம் முடிந்த கையோடு. ஜெயித்தவருக்கு லாஸ் வேகஸில் நடக்கும் பெரிய போட்டியில் ஓர் இடமும், நாலு நாள் ஓட்டல் அறையும். ஒன்பது பேருக்கு வாய்ப்பு. வெண்டலும் அதில் இருந்தார்; ஜெயித்து அல்ல, ஒரு வாரமும் தவறாமல் வந்ததற்குக் கிடைத்த புள்ளிகளால்.

அவர் மனைவி லோர்னாவுக்கு இந்தச் செய்தி கிடைத்த அன்றே பெட்டி பரணிலிருந்து இறங்கிவிட்டது. பள்ளிக்கூடத்துச் சமையலறையில் இருபது வருஷம் பிள்ளைகளுக்குப் பொங்கிப் போட்டவள் அவள். யாரோ சமைத்த காலைச் சாப்பாட்டை, யாரோ கழுவும் தட்டில், நாலு நாள் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான். தங்க நிறத்தில் ஒரு ஜோடிச் செருப்புகூட வாங்கிவிட்டாள், எல்கோ பனியில் அதை எங்கே போடுவது? புருஷனின் சட்டைப் பையில் ஒரு பொட்டலம் சவ்வு மிட்டாயைத் திணித்தாள்.

"இங்க பாரு வெண்டல். இத்தன வருஷம் நீ சொன்னதையெல்லாம் நான் கேட்டேன். இன்னிக்கு ஒரு நாள் நான் சொல்றதக் கேளு. வாய் அரிச்சா ஒரு மிட்டாயப் போட்டு மெல்லு. பல்லு ரெண்டும் ஒட்டிக்கட்டும்."

வெண்டல் கேட்டார். முதல் கை முடிந்து ரஸ்டி ஒரு தப்பு செய்தபோது உபதேசம் தொண்டைவரை வந்துவிட்டது, மிட்டாயைப் போட்டார். இரண்டாவது தப்புக்கு இரண்டாவது மிட்டாய். மனிதர் கன்னம் இரண்டும் உப்பி, கண்ணில் தண்ணீர் தளும்ப உட்கார்ந்திருந்தார். வெளியே போக வழியில்லாத உபதேசம் எங்கே போகும்? உள்ளேதான் போயிற்று. முதல் தடவையாக அது அவர் காதிலேயே விழுந்தது. 'பத்தில் எட்டைக் கவிழ்த்துவிடு.' கவிழ்த்தார். 'கடைசி இடத்தில் இருக்கும்போது அடி.' அடித்தார். மெல்லுகிற வாயோடு கூரையைப் பார்க்க முடியவில்லை, கை மிட்டாய்த் தாளோடு மல்லாடியதால் காது மடல் பக்கம் போகவில்லை. எதிரில் இருந்தவர்களுக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போலாயிற்று. ரஸ்டி வெளியேறும்போது குனிந்து, உடம்பு கிடம்பு சரியில்லையா என்று உண்மையான கவலையோடு விசாரித்தான். வெண்டல் தலையை மட்டும் ஆட்டினார்.

ஒவ்வொருவராக எழுந்தார்கள். கடைசியில் மேசையில் இரண்டே பேர்: வெண்டலும், பெக்கி உருட்டியா என்ற பெண்ணும். பெக்கி பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். பின்னால் நாற்பது பிள்ளைகள் போடும் கூச்சலில் தன் யோசனை தனக்கே கேட்காது என்பதால், எதையும் வாய்விட்டுத்தான் யோசிப்பாள். வெண்டலிடம் முழுசாகப் பாடம் கேட்டவள். ஒரு கணக்கும் நினைவில் நின்றதில்லை. செருப்பு அலமாரிப் பக்கம் லோர்னா வந்து நின்றுகொண்டிருந்தாள், கோட்டின் பொத்தானைக்கூடக் கழற்றாமல்.

அந்தக் கை வந்தது. இரண்டு பேருக்கும் சில்லு சமம். நடுக் குவியலில் அறுபதாயிரம் சேர்ந்துவிட்டது, ஆளுக்கு இருபதாயிரம் கையில் மிச்சம். மேசையில் இருவருக்கும் பொதுவான ஐந்து சீட்டும் விரித்தாயிற்று. வெண்டலிடம் எட்டும் ஒன்பதும். எதோடும் எதுவும் சேரவில்லை, சுத்த வெறுங்கை. பெக்கியிடம் ஒரு நாலு, மேசையில் இன்னொரு நாலு. ஏழை ஜோடி, ஆனாலும் ஜோடி. வெண்டல் தன் பாடத்தையே நினைத்துக்கொண்டார்: எதிராளி பயப்படுகிறான் என்றால் மிரட்டு. இருபதாயிரத்தையும் இரண்டு கையாலும் உள்ளே தள்ளினார். அற்புதமான ஆட்டம்! பெக்கி சீட்டைக் கவிழ்த்தால் மொத்தக் குவியலும் அவருக்கு, வேகஸ் வாசல்படியில் ஒரு காலை வைத்த மாதிரி.

பெக்கி உதட்டைக் கடித்தாள். உதடு அசைந்தது. வாய்விட்டு யோசிக்கிறாள்.

"இருபது போடணும். குவியல்ல எண்பது இருக்கு. அப்ப... நான் ஜெயிப்பேன்னு பாதிக்கு மேல நிச்சயமா இருந்தாத்தான் போடணும், இல்ல? பாதி நிச்சயம் இல்லியே. பாவி நாலு. சரி, கவுத்துடறேன்."

அவள் விரல் சீட்டின் மேல் போயிற்று. லோர்னா மூச்சை இழுத்துப் பிடித்தாள். வெண்டல் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: ஒன்றும் செய்யாமல் இருப்பது.

பாதியா? பாதிக்கு மேலா? எத்தனை வியாழக்கிழமை சொல்லிக்கொடுத்த கணக்கு இது! அவர் கழுத்து சிவந்தது. பொட்டலத்தைத் தடவினார், மிட்டாய் இருந்தது, எடுக்கவும் எடுத்தார். ஆனால் வாயில் ஏற்கெனவே ஒன்று கிடந்தது. அதை இரண்டு விரலால் இழுத்து வெளியே எடுத்து, பத்திரமாகக் காகிதக் கைக்குட்டையில் சுற்றி வைத்தார்.

"பாதி எதுக்கும்மா? இருபதப் போட்டு எண்பத எடுக்கப் போற. அஞ்சு தடவைல ஒரு தடவை ஜெயிச்சாலே உனக்கு நஷ்டம் இல்ல. அஞ்சுல ஒண்ணு. எதிராளி அஞ்சுல ஒரு தடவையாவது பொய் ஆட்டம் ஆடமாட்டானா?"

பெக்கி சீட்டின் மேலிருந்த விரலை எடுத்தாள். "நீங்கன்னா கண்டிப்பா ஆடுவீங்க" என்று சொல்லிவிட்டு இருபதாயிரத்தையும் தள்ளினாள்.

நாலு ஜோடி ஜெயித்தது. வெண்டல் என்ன செய்தார் தெரியுமா? மேசையை ஓங்கித் தட்டி, முகமெல்லாம் பல்லாக, "அதான்! அதான் சரியான ஆட்டம்!" என்றார். நாலைந்து நொடி ஊரிலேயே அவரைப் போல் சந்தோஷமான மனிதர் கிடையாது. பிறகு தன் முன்னால் ஒரு சில்லும் இல்லாததைப் பார்த்தார். பிறகு அலமாரிப் பக்கம் பார்த்தார்.

டுவேன் அதற்குள் விதிகளைப் புரட்டியிருந்தார். வேடிக்கை பார்க்கிறவர் ஆடுகிறவருக்கு யோசனை சொல்லக்கூடாது என்று இருந்தது. எதிராளியே சொன்னால் என்ன செய்வது என்று எதுவும் இல்லை. விதி எழுதினவர் புத்தியுள்ள மனிதர்களை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். தவளைகூடப் பாம்பிடம் போய், 'காலைப் பிடிக்காதே, கழுத்தைப் பிடி' என்று சொல்லிக்கொடுக்காது.

லோர்னா மெதுவாக மேசைக்கு வந்தாள். குரலை உயர்த்தவில்லை.

"வெண்டல், அவ சீட்டக் கவுத்துட்டுதானே இருந்தா?"

"ஆமா. ஆனா தப்பான காரணத்துக்குக் கவுத்தாம்மா."

அவர் இதை வருத்தத்தோடுதான் சொன்னார். புரிந்துகொள்வாள் என்று நிஜமாகவே நம்பினார். லோர்னா அவரை நெடுநேரம் பார்த்தாள். முப்பது வருஷம் குடித்தனம் நடத்தியவள் அந்த முகத்தில் இன்னும் எதைத் தேடினாளோ. பெக்கிதான் நடுவில் புகுந்தாள். அறை இரண்டு பேருக்காம், தனக்குத் துணைக்கு யாரும் இல்லையாம், ஒரே ஒரு கேள்வி.

"பெட்டி கட்டியாச்சா லோர்னா?"

"கட்டியே ரெண்டு வாரம் ஆச்சு."

அடுத்த மாதம் இரண்டு பெண்களும் கிளம்பினார்கள். லோர்னா பனியிலேயே தங்கச் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்து வண்டியில் ஏறினாள். வெண்டல் கார் சன்னலைப் பிடித்துக்கொண்டு, முதல் ஒரு மணி நேரம் பொறுமை, பிறகு வேகம், எந்த ரோட்டில் போகணும், காலைச் சாப்பாட்டில் எதை முதலில் எடுக்கணும் என்று ஊர் எல்லைவரை சொல்லிக்கொண்டே ஓடினார். பெக்கி அங்கே மூன்றாம் நாள்வரை தாக்குப் பிடித்தாள். தினமும் தொலைபேசி அடித்தது. லோர்னா ஒரு தடவைகூட எடுக்கவில்லை; முட்டைப் பொரியல் ஆறிவிடுமாம்.

நல்லது. இவ்வளவு நேரம் ரசித்துப் படித்தீர்கள், சந்தோஷம். ஆனால் நடுவில், அந்த மனிதர் கையிலிருந்த மிட்டாயையும் சேர்த்து வாயில் அடைத்திருக்கலாம், வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து ஒரு நடை நடந்திருக்கலாம், லோர்னா அவர் தோளை ஒரு அழுத்து அழுத்தியிருக்கலாம் என்று உங்கள் பக்கமிருந்து ஒரு குரல் கேட்டதே, அது யார்? யோசனை ஒவ்வொன்றும் கச்சிதம். எனக்கே தோன்றவில்லை. வெண்டலைக் கொஞ்சம் நகர்ந்து நிற்கச் சொல்கிறேன், வாருங்கள், செருப்பு அலமாரிப் பக்கம் இன்னும் ஓர் ஆளுக்கு இடம் இருக்கிறது.