ஒரு கை இல்லாத சாக்கடை

செக்கிங் அக்காவிடம் முதல் தடவையிலேயே பாஸான பொருள் எதுவும் இந்தத் திருப்பூரில் கிடையாது. பனியன் கம்பெனியில் தைத்து வரும் டீ-சர்ட்டுகளை அளந்து, குறை கண்ட இடத்தில் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவது அவர் வேலை. வேலை முடிந்தும் அந்தக் கண் ஓயாது. பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பார்க்க வந்த மாப்பிள்ளையிடமே, "தோள்பட்டை ரெண்டும் ஒரே அளவா இல்லீங்களே" என்று சொல்லிவிட்டார்.

அந்தக் கண் எங்கள் வீதிச் சாக்கடை மேல் விழுந்தது என் கெட்ட காலம். கவுன்சிலர் புதிதாகக் கட்டித் தந்த சாக்கடை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா இஞ்ச் டேப்போடு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை குந்திக் குந்தி அளந்தார். வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்தை நம்பி வடைக்காரர் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

பிறகு அக்கா நேராக என்னிடம் வந்தார். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான்; பி.காம். முடித்தவள். அக்காவுக்குக் கையெழுத்து மட்டும் போடத் தெரியும்.

"கண்ணு, ஒரு மனு எழுது."

"அக்கா, எங்கப்பா வேலை செய்யறது கவுன்சிலரோட மச்சான் கம்பெனியிலீங்க. நான் எழுதுனது தெரிஞ்சா அப்பாவுக்கு வேலை போயிருமுங்க."

"நீ எழுதுனதுன்னு ஆரு சொல்லப் போறா?"

ஒரு மனு என்றார், ஏழு எழுதினேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் வரி ஒரு நூல் சாய்ந்தாலும் கண்டுபிடித்து, "கோணலாப் போகுது கண்ணு, பிரிச்சு மறுபடி எழுது" என்பார். அரசுத் தேர்வுக்கு வாங்கி வைத்த நோட்டெல்லாம் காலி. கடைசியில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பதில் வந்தது. வீதியின் இரு பக்கமும் சாக்கடை கட்டி முடிக்கப்பட்டதாம். கட்டியிருந்ததோ ஒரு பக்கம்தான்.

வார்டு கூட்டத்தில் அக்கா எழுந்தார்.

"ஏனுங்க, அரை இஞ்ச் கூடக் கொறைய இருந்தாப் பாஸ் பண்ணலாமுங்க. ஒரு பக்கமே காணோமுங்களே! ஒரு கை இல்லாத டீ-சர்ட்டை எவன் வாங்குவானுங்க?"

கூட்டம் சிரித்தது. கவுன்சிலர் சிரிக்கவில்லை. மனுவைத் தூக்கிக் காட்டினார்.

"ஏனம்மிணி, இது எந்த வக்கீலு எழுதிக் குடுத்தது?"

"நானேதானுங்க எழுதுனேன்."

"அப்படீங்களா? இந்தாங்க பேனா. ஒரே ஒரு வரி எழுதுங்க, பார்ப்போம்."

அக்கா பேனாவை வாங்கினார். மேஜை மேல் குனிந்தார். அப்படியே நின்றுவிட்டார். பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அந்த மகராசி என் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நான் எழுதியதை ஏதோ வக்கீல் எழுதியதாகச் சொன்னதும் கொஞ்சம் சுட்டது, மறைப்பானேன்.

"அது என் எழுத்துங்க" என்று எழுந்தேன். "இன்னொரு பக்கத்துச் சாக்கடை எங்கீங்க? மொதல்ல அதைச் சொல்லுங்க."

அந்த வாரமே அப்பாவுக்கு வேலை போனது. அக்கா தன் கம்பெனியில் அவரை டெய்லராகச் சேர்த்துவிட்டார். சேர்த்த கையோடு, தினமும் அவர் தைத்ததை ரிஜெக்ட் செய்கிறார். அப்பா வீட்டுக்கு வந்து என்னைத் திட்டுகிறார்.

சாக்கடை இன்னும் வரவில்லை. நேற்று அக்கா மறுபடி வந்து, "கண்ணு, கலெக்டருக்கு ஒண்ணு எழுதீரலாம்" என்று சம்மணம் போட்டு உட்கார்ந்தார். எரிச்சலோடுதான் பேனாவை எடுத்தேன். அனுப்புநர் என்ற இடத்தில் அவர் பெயரை எழுதினேன். அவர் கேட்காமலே, அதற்குக் கீழே என் பெயரையும் எழுதினேன்.