குழி பார்க்கும் லாம்பெர்ட்

பாட்டைக் கேட்கிறவர்கள் ஒரு இனம். பாட்டு எதில் பதிந்திருக்கிறதோ அதைக் குடைகிறவர்கள் இன்னொரு இனம். இந்த இரண்டாவது இனம் ஐந்தோவன் நகரில் அடர்த்தியாக வாழ்கிறது. சிடியைப் பெற்றெடுத்த ஊராயிற்றே.

லாம்பெர்ட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். சிடி ஆய்வுக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றும் அதன் சாவியைத் திருப்பிக் கொடுக்காதவர். விருந்துக்கு அழைத்தால் சூப்பைத் தொடமாட்டார், கிண்ணத்தைத் தூக்கி வெளிச்சத்தில் கீறல் தேடுவார், உங்கள் கல்யாண சிடியைக் கையில் கொடுத்தால் மணமகள் யாரென்று கேட்கமாட்டார், "இது எந்த ஆலையில அச்சடிச்சது?" என்பார். கட்டிக்கொண்டவள் பாடு எப்படி இருக்கும்?

மனைவி டீனெக்காவின் தம்பி கோர் போன வருஷம் இறந்துபோனான். கார்னிவல் திருவிழாவில் அவன் பாடியது ஒரே ஒரு சிடியில்தான் இருந்தது. தன் பிறந்தநாளன்று உறவினரோடு அதைக் கேட்க ஆசைப்பட்டாள். முந்தின வாரம் போட்டுப் பார்த்தால், நடுவில் திக்கியது.

"பிளேயரோட லென்ஸத் துடைச்சாப் போதும், லாம்பெர்ட்."

"துடைக்கிறதாவது. முதல்ல காரணம் தெரியணும்."

ஆய்வுக்கூடத்து நுண்ணோக்கி, கண்ணுக்கு எட்டாததை ஊசிமுனையால் தடவிப் பார்ப்பது. ஊசி உள்ளே போக வேண்டுமே. எனவே சிடியை நகத்தளவு வெட்டி, மேல்பூச்சை உரித்து, அலுமினியப் படலத்தைக் கரைத்து, பதமாகக் கழுவி, ஆசை தீரத் தடவினார்.

பிறந்தநாளன்று எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து, ஆளுக்கொரு பிஸ்கட்டோடு காப்பி குடித்தபடி, அந்த ஊர் வழக்கப்படி ஒருவர் விடாமல் எல்லோருக்கும் வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். லாம்பெர்ட் சட்டம் போட்ட ஒரு படத்தோடு வந்தார். சிடியில் பாட்டைப் பதிந்து வைத்திருக்கும் நுண்ணிய குழிகள், வரிசை வரிசையாக.

"சிடியில ஒரு குறையும் இல்ல. குழி ஒவ்வொண்ணும் முத்து முத்தா இருக்கு. தூசி லென்ஸ்லதான்."

"அதத்தானே நான் சொன்னேன்."

"நீ சும்மா சொன்ன. நான் நிரூபிச்சிருக்கேன்."

படம் கைமாறிப் போனது. மாமா ஒருவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "அப்படியே கோர் ஜாடை. வாழ்த்துகள்" என்றார்.

"சிடி எங்க?" என்றாள் டீனெக்கா.

"பிளாஸ்டிக் குப்பையில. முறையாப் பிரிச்சுத்தான் போட்டேன்."

அவள் படத்தைக் காட்டினாள். "இதுல அவன் எங்க பாடறான்?"

லாம்பெர்ட் விரலை வைத்தார். "இங்க. ஏதோ ஒரு வார்த்தையோட ஓரம்."

"எந்த வார்த்தை?"

அதைச் சொல்லப் பாட்டைக் கேட்டிருக்க வேண்டும். டீனெக்கா படத்தை வாங்கிக் காதோடு வைத்துக்கொண்டாள்.

லாம்பெர்ட்டை நினைத்து நன்றாகச் சிரியுங்கள். உங்கள் வீட்டில் கடைசியாக ஒருவர் அழுதுகொண்டே ஏதோ சொன்னபோது, "அது செவ்வாய் இல்லை, புதன்" என்று திருத்தியவர் நீங்கள் இல்லைதானே?